துடைப்ப மீன்

லாரி டயரின் உள்ட்யூப் மேல்
சர்பின் உட்கார்ந்திருக்கிறான்.
இடுப்பு வரைக்கும் சிலிவுங் ஆறு,
வெதுவெதுப்பாக, ஆறிய காபி நிறத்தில்.
மங்காராய் மதகுக்கு அப்பால் பாலத்தில் ரயில்.
ஜன்னலோரத்துக்காரர்கள் மூக்கைப் பொத்துவது
கீழிருந்தே அவனுக்குத் தெரியும்.
கரைச்சுவருக்கு ஏழு வர்ணம் அடித்திருக்கிறார்கள்,
துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்.

அவன் வலையில் ஏறுவது ஒரே மீன்தான்.
கறுப்பு. சொரசொரப்பு. உடம்பெல்லாம் ஓடு.
ஜகார்த்தாவில் அதன் பெயர் சாப்பு-சாப்பு:
துடைப்பம், துடைப்பம் என்று இரண்டு முறை.
யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலோ
பாசி நக்க வாங்கிவந்தது.
தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும்
ஒரு ராத்திரி வாளியோடு கொட்டிவிட்டார்கள்.
கொட்டியவர்களுக்கு மறந்துபோயிற்று.
மீனுக்குப் பசித்துக்கொண்டே இருந்தது.

டோஃபு பட்டறைகள் புளித்த நீரைத் திறந்துவிடும்
விடியற்காலையில் ஆற்றுக்கு மூச்சு தீர்ந்துபோகும்.
என் மானியின் முள் பூஜ்யத்தைத் தொட்டு
தப்பு செய்ததுபோல் நடுங்கும்.
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்
கெளுத்திகூட வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து
வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டுப் போய்ச்சேர்ந்தது.
துடைப்ப மீனும் மேலே வரும்.
ஒரு வாய் காற்றை விழுங்கி,
வயிற்றாலேயே மூச்சுவிட்டபடி
இறங்கிப் போகும்.
கரையைக் குடைந்து முட்டையிடும்.
அடுத்தவர் முட்டையைத் தின்னும்.
குடைந்த கரை மழைக்குச் சரிந்து
ஒரு சமையலறை, சட்டி பானையோடு,
மதகில் வந்து சிக்கியதை நானே பார்த்தேன்.

போன மாதம் ஓர் உடும்பு செத்துக் கிடந்தது.
தொண்டையில் குறுக்காக ஒரு துடைப்ப மீன்,
முள்துடுப்பை விரித்துப் பூட்டிக்கொண்டு.
மீனுக்கு உயிர் இருந்தது.
சர்பின் அதை உருவிக் கூடையில் போட்டான்.

வாரம் பன்னிரண்டு மீன் எனக்கு.
ஈரலை எடுத்து எடை போட்டு
அமிலத்தில் கரைத்து, ஈயம் எவ்வளவு,
பாதரசம் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை.
எண் காகிதத்தில் ஏறும். காகிதம் மேலே போகும்.
மீனாவது காற்றை விழுங்கிவிட்டுக்
கீழே வருகிறது.

ஒரு வியாழக்கிழமை சர்பின் வரவில்லை, காய்ச்சல்.
நானே அவன் குடிசைக்குப் போனேன்.
அவன் மனைவி வார்த்தினி சுத்தியலால் ஓட்டைத் தட்டி
கத்தியை உள்ளே விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள்.
அந்தக் கறுப்புக்குள் இவ்வளவு வெள்ளைச் சதையா?
ஐஸ் போட்ட பேசின் நிறைய இருந்தது.
"உங்க மெஷின் என்ன சொல்லுது?" என்றாள்.
சொன்னேன்.
"அது கூடவா, குறைவா?"
"கூட."
"எதைவிட?"
அளவை எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்குள்
"அப்போ இனிமே வாங்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.
வாங்கித்தான் ஆகவேண்டும், மாதிரி வேண்டுமே.
"எங்களுக்கும் அதான்" என்று
அடுத்த மீனைத் திருப்பிப் போட்டாள்.

வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது.
பின்னால் நீலம் பூசிய ஆவிப் பானை,
ஹேண்டில்பாரில் நசுங்கிய மணி.
அந்த மணியை எனக்குத் தெரியும்.
தினமும் நாலு மணிக்கு
எங்கள் அலுவலக வாசலில் அடிப்பது.
சியோமாய். வேர்க்கடலைச் சாறு,
மேலே எலுமிச்சை பிழிந்து.
எட்டு வருஷமாக என் மாலைப் பசிக்கு அதுதான்.
அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்,
ஐஸ் சொட்டும் பையைத் தூக்கிக் கட்டிக்கொண்டே.

மறுநாளும் மணி அடித்தது.
ஒரு தட்டு வாங்கினேன்.
எப்போதும்போல் சாறு கொஞ்சம் அதிகம் விட்டார்.
மாடிக்கு எடுத்துவந்து
சாற்றை வழித்தேன், எடை போட்டேன்,
பதின்மூன்றாவது குழாயில் அமிலத்தில் இறக்கினேன்.
படிவத்தில் இனம் எழுதினேன்.
பிடித்த இடம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
அலுவலக வாசல் என்று எழுதினேன்.

கீழே பக்கத்து மேஜை சுபெனோ
இரண்டாவது தட்டு கேட்டுக்கொண்டிருந்தான்.